உகண்டாவில் ஸ்காபரோ ராகுகாலம்

போன ஜூலையில் நானும் என் கணவர் பாலாவும் உகண்டாவுக்குப் போய் வந்தோம். ரொறன்ரோவில் இருந்து புறப்பட்டுத் திரும்பி வர மொத்தம் பதினொரு நாள். ஆபிரிக்காவில் பறவையும் குரங்கும் பார்க்கப் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் தலைக்கேறியது. இரண்டு தடவை அழித்துவிட்டு நல்ல பிள்ளையாக எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. ஆகவே இதில் தகவலும் இருக்கும், கோபமும் இருக்கும். கோபம் வேண்டாம் என்கிறவர்கள் கடைசிக்குக் கிட்ட இருக்கும் செலவு விவரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஏன் போனோம் என்று சொல்கிறேன். பாலாவுக்குப் பறவைப் பைத்தியம். ஸ்காபரோவில் எங்களுக்குத் தெரிந்த மற்ற ஆம்பிளைகள் சனி ஞாயிறில் கலியாண வீடு, பிறந்தநாள் மண்டபம் என்று ஓட, இவர் விடியக் காலையில் ரூஜ் பள்ளத்தாக்கில் பைனாகுலரோடு நிற்பார். நான் கார் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணியோடு உள்ளே இருப்பேன். எனக்குப் பறவையில் பெரிய அக்கறை கிடையாது. ஏதாவது ஒன்றைக் கண்டுவிட்டு ஓடி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டுவாரே, அந்த முகத்தைப் பார்க்கத்தான் போவேன்.

இப்போது அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நடுப்பார்வையை அரிக்கிற நோய். ஓரங்கள் தெரியும். நேரே எதைப் பார்க்கிறாரோ அந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு விழுந்து அதை மறைத்துவிடும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுப் பக்கம் பார்ப்பார். மாதம் ஒரு ஊசி, அதுவும் கண்ணுக்குள். வசந்த காலத்தில் கார் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடமும் இவ்வளவு பார்வை இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று டொக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, “என்ன பாக்க ஆசையோ இப்பவே சொல்லுங்கோ, போவம்” என்றேன். நயாகராவா, பிரான்ஸில் இருக்கும் தங்கச்சியா என்று நினைத்தேன். மனுசன் யோசிக்கவே இல்லை. “சப்பாத்துச் சொண்டன்” என்றார்.

ஷூபில் என்ற பறவைக்கு அவர் வைத்த பெயர் அது. ஒரு சிறுபிள்ளையின் உயரம் இருக்கும், சாம்பல் நிறம். சொண்டு, அதாவது அலகு, ஒரு பெரிய மரச் சப்பாத்தைக் கவிழ்த்து முகத்தில் ஒட்டியது மாதிரி. உகண்டாவில் விக்டோரியா ஏரிக்கரையில் மபாம்பா என்ற சதுப்பு நிலத்தில் நிற்கும். மீன் பிடிப்பதற்காக மணிக்கணக்கில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்குமாம். அதுதான் விஷயம். மற்றப் பறவைகள் துள்ளும், பறக்கும், பாலாவின் கண் தேடிப் பிடிப்பதற்குள் போய்விடும். இது அப்படியே நிற்கும். விடியற்காலையில் படகில் கிட்டப் போனால் பத்து மீட்டரில் நிற்கும் என்கிறார்கள். கழுத்தைத் திருப்பி, கண்ணின் ஓரத்தால், ஆறுதலாக முழுவதையும் பார்க்கலாம். அவர் மிச்சக் கண்ணால் பார்க்கக்கூடிய பறவை என்று கணக்குப் போட்டுத்தான் அதைக் கேட்டார்.

தனியாகப் போகப் பயமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத நாட்டில் விமானம், பஸ், படகு என்று நான் ஒருத்தி அலைய முடியுமா? அப்போதுதான் தயாளன் அண்ணையின் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அவர் ஸ்காபரோவில் இன்சூரன்ஸ் விற்கிறவர், வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு எங்காவது சுற்றுலா போவார். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கண் கதையைச் சொன்னேன், பறவைக் கதையைச் சொன்னேன். “பிள்ளை, நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும். உந்தப் பறவையை பாலாவுக்குக் காட்டுறது என்ரை பொறுப்பு” என்றார். இந்த வசனத்தை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்க வேண்டாம்.

பதினான்கு பேர் போனோம். ரொறன்ரோவில் இருந்து அடிஸ் அபாபா வழியாக என்டபே. வெள்ளி காலை ஏறி, சனி பின்னேரம் இறங்கினோம். விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் கேட்டார்கள். எங்கள் குழுவில் ஒருவர் அதைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டார், அதற்காக ஒரு மணி நேரம் எல்லோரும் நின்றோம். நிற்பது எங்களுக்கு அன்றே பழகத் தொடங்கியது.

மறுநாள் மேற்கே கிபாலே காட்டுக்குப் பயணம். கம்பாலா நெரிசலைத் தாண்டி ஏறக்குறைய 340 கிலோமீட்டர், எட்டரை மணி நேரம் எடுத்தது. ஆறேழு மணி நேரத்தில் போகலாம் என்று சாரதி ஜோசப் சொன்னார், ஆனால் அவர் எங்கள் ஆட்களை அறியாதவர். பஸ்ஸில் ரைஸ் குக்கர் இரண்டு, வறுத்த மா ஒரு பெட்டி, மிளகாய்த்தூள், ஊறுகாய், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். தேத்தண்ணிக்கு நிற்பாட்டினால் முக்கால் மணி. பாலா ஒரு பறவையைக் கண்டு நிற்பாட்டச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று நேரம் ஞாபகம் வரும். “உது காகம் தானே, விடுங்கோ” என்பார் ஒருவர். அது நீலமும் பச்சையுமாக மயில் கழுத்து மாதிரி இருக்கும், இவருக்குக் காகம்.

கிபாலே காட்டைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். குரங்கு பார்க்க வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள். செங்குரங்கு, சிவப்பு வாலுள்ள சின்னக் குரங்கு, கறுப்பு வெள்ளைக் குரங்கு, பபூன், எல்லாம் ஒரே காட்டில். பக்கத்தில் பிகோடி என்ற ஊரில் ஊர் ஆட்களே நடத்தும் சதுப்பு நில நடை ஒன்று இருக்கிறது. மூன்று மணி நேரம், நாலு கிலோமீட்டருக்கு மேல். பலகைப் பாதை, வழுக்கும், சப்பாத்து நல்லதாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

நாங்கள் போன அன்று சிவப்பு வால் குரங்குக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே அத்தி மரத்தில் தின்றுகொண்டிருந்தது. மூக்கில் வெள்ளைப் பொட்டு, இதயம் வரைந்தது மாதிரி. பாலா அந்தப் பொட்டை மட்டும் ஓரக்கண்ணால் பிடித்துக்கொண்டு, “வதனி, மூக்கு தெரியுது, மூக்கு தெரியுது” என்று என் கையை உலுக்கினார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. யாரோ வீடியோ எடுக்கிறாராம், பின்னணி இசை வேண்டுமாம். ஒரு நிமிடத்தில் மரம் காலி. வழிகாட்டிப் பெண் வந்து ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. தயாளன் அண்ணை சிரித்துக்கொண்டு, “எங்கடை ஆக்கள் எண்டால் உப்பிடித்தான்” என்றார். எப்போதும் இந்த ஒரு வசனத்தோடு எல்லாவற்றையும் கழுவிவிடுவார்கள்.

ஜோசப் மட்டும் கவனித்தார். பாலா பொருளுக்குப் பக்கத்தில் பார்த்துத்தான் பொருளைப் பார்க்கிறார் என்று இரண்டாம் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பிறகு பாதை ஓரத்தில் குரங்கு நின்றால் பாலாவின் ஜன்னலுக்குக் கொஞ்சம் முன்னால் வரும்படி பஸ்ஸை நிறுத்துவார். எங்கள் விடுதிக்குப் பின்னால் கறுப்பு வெள்ளைக் குரங்குக் குடும்பம் ஒன்று வரும். தோளில் இருந்து வெள்ளை மயிர் தாவணி மாதிரித் தொங்கும், வால் நுனியில் வெள்ளைக் குஞ்சம். கறுப்பில் வெள்ளை என்பதால் பாலாவுக்கு வடிவாக, தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பின்னேரம் கதிரையைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். இந்தப் பயணத்தில் நான் கோபமில்லாமல் இருந்தது அந்த இரண்டு பின்னேரமும்தான்.

பிறகு தெற்கே ஒரு தேசியப் பூங்கா, யானை, நீர்யானை, மீன்கொத்திகள். அங்கே சனிக்கிழமை காலை குழுவில் மூத்தவரான பூமணி அன்ரி குளியலறையில் வழுக்கி விழுந்தார். முறிவு ஒன்றுமில்லை, இடுப்பில் நல்ல கண்டல், நீலம் பாரித்திருந்தது. பாவம்தான், நானே எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு குழுவுக்குள் ஒரு கதை கிளம்பியது. நாங்கள் அந்த விடுதிக்குப் புறப்பட்ட நேரம் சரியில்லையாம். ராகுகாலத்தில் வெளிக்கிட்டோமாம். தயாளன் அண்ணை போனைத் தட்டி ஒரு படத்தை எடுத்தார். ஸ்காபரோக் கோயில் ஒன்றின் நாட்காட்டி, ஜூலை மாதப் பக்கம். அவருடைய சமையலறையில் தொங்குவதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார். “இனிமேல் எல்லாம் நேரம் பாத்துத்தான்” என்று அறிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் பஸ்ஸில் இருந்து என்டபேக்குத் திரும்பி வந்தோம். மறுநாள் திங்கள் காலை மபாம்பா. பின்னேரம் விமானம். ஒரே ஒரு காலை, வேறு நாள் இல்லை. இரவுச் சாப்பாட்டில் தயாளன் அண்ணை போனைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ராகுகாலம் 7.42இல் இருந்து 9.35 வரை, அதற்குள் தண்ணியில் கால் வைக்கக் கூடாது என்றார். “அப்ப 7.42க்கு முதல் படகிலை ஏறினால் சரி தானே, அண்ணை?” என்று கேட்டேன். “ஓம் ஓம், அது பிரச்சினை இல்லை” என்றார். காலை 5.45க்குப் புறப்பட்டால் 7.15க்குப் போய்ச் சேரலாம் என்று ஜோசப் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஐந்தரைக்கு நானும் பாலாவும் பஸ்ஸடியில். பாலா தொப்பி போட்டு, பைனாகுலரைத் துடைத்து, கலியாணத்துக்குப் போகிற மாதிரி நின்றார். ஆறு மணி ஆனது. ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், தயாளன் அண்ணையின் மனைவியைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் ஹோட்டல் அறைக்குள் ரைஸ் குக்கரில் புட்டு அவிக்கிறார். பதினான்கு பேருக்கு. ஹோட்டல் முட்டைப் பொரியலும் பாணும் படகுக்குத் தாங்காதாம். நான் கும்பிட்டுக் கேட்டேன். “இந்தா, கடைசி ஈடு” என்றார். பஸ் வெளிக்கிட்டது 6.20க்கு. இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தது 7.50க்கு. அந்த எட்டு நிமிடத்தை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை.

மபாம்பா இறங்குதுறை ஒரு சின்ன இடம். நாலைந்து மரம், தகரக் கூரை ஒன்று, கரையில் நீளமான மரத் தோணிகள். ஒரு தோணிக்கு மூன்று பயணிகளும் ஒரு தோணிக்காரரும். எங்களுக்கென்று ஐந்து தோணி தயாராக நின்றது. தண்ணீர் கண்ணாடி மாதிரி, வெயில் இன்னும் மஞ்சளாக, பாப்பிரஸ் கோரைகளுக்கு மேலே பனிப் புகார். பறவை கிட்டத்தான் நிற்கிறது, காலையில் இருந்து ஒரே இடத்தில் நிற்கிறது என்று தோணிக்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். பாலா ஒரு காலைத் தோணிக்குள் வைத்துவிட்டார்.

“தம்பி, பொறும்” என்றார் தயாளன் அண்ணை. “7.42 தாண்டிட்டுது. 9.35 மட்டும் ஒருத்தரும் ஏறப்படாது.”

நான் முதலில் மரியாதையாகத்தான் கேட்டேன். ராகுகாலத்தை நம்பாதவள் அல்ல நான். வீடு வாங்கியபோது பார்த்தேன், மகனுக்குக் கார் எடுத்தபோதும் பார்த்தேன். ஆனால் அது சூரியனை வைத்துப் போடும் கணக்கு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சூரியன் உதிப்பதில் இருந்து மறைவது வரை எட்டாகப் பிரித்தால் திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு ராகுகாலம். ரொறன்ரோவில் ஜூலையில் பதினைந்து மணி நேரப் பகல், சூரியன் ஆறு மணிக்கு முன்னமே வந்துவிடும். உகண்டா பூமத்திய ரேகையில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரப் பகல், அன்று உதயம் 6.52. இரண்டும் ஒன்றா?

“அண்ணை, இஞ்சத்தைச் சூரியனுக்கு ராகுகாலம் 8.23க்குத் தான் தொடங்கும். 9.54 மட்டும். இப்ப எட்டு மணி கூட ஆகேல்லை. இப்பவே ஏறுவம்” என்றேன்.

“கலண்டரிலை போட்டிருக்கிறது தான் கணக்கு, பிள்ளை.”

“அது ஸ்காபரோக் கலண்டர் அண்ணை!”

அதற்குப் பூமணி அன்ரி, மரத்தடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தவர், சொன்னார்: “நாங்கள் ஸ்காபரோ ஆக்கள் தானே பிள்ளை. எங்கை போனாலும் எங்கடை ராகுகாலம் எங்களோடை தான் வரும்.” சுற்றி நின்றவர்கள், கனடாவில் படித்து வேலை பார்க்கிறவர்கள், ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

எனக்குக் கொதித்தது. “சரி அன்ரி, ஸ்காபரோ நேரம் எண்டே வைப்பம். அங்கை இப்ப சாமம் ஒரு மணி. எல்லாரும் நித்திரை. ஸ்காபரோவிலை 7.42 ஆக இஞ்சை பின்னேரம் ரண்டே முக்கால் ஆகும். அப்பிடிப் பாத்தாலும் இப்ப ராகுகாலம் இல்லை. எப்பிடிப் பாத்தாலும் இல்லை!” என்று கத்தினேன். தோணிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கணக்குக் காட்டாதையும்” என்றார் தயாளன் அண்ணை. குரல் மாறிவிட்டது. “வயசு போன மனுசி ஒருக்கா விழுந்திட்டா. இனித் தண்ணிக்கை ஒண்டு நடந்தால் நாளைக்கு என்னைத் தானே கேப்பினம்? நான் பொறுப்பு எடுக்கேலாது.”

பறவையைக் காட்டுவது தன் பொறுப்பு என்று சொன்ன அதே வாய். தோணிகள் அவர் பெயரில் பதிவு, அவர் சொல்லாமல் தோணிக்காரர்கள் எடுக்க மாட்டார்கள். வேறு தோணி பிடிக்கலாமா என்று ஜோசப்பைக் கேட்டேன். அவர் ஓடிப்போய் விசாரித்தார். ஜூலை நெரிசல், மற்ற எல்லாம் விடியவே போய்விட்டன. ஜோசப் தானும் தயாளன் அண்ணையிடம் பேசிப் பார்த்தார், அவருக்கு ராகுகாலம் என்றால் என்னவென்று விளங்கவைக்க முடியாமல் தயாளன் அண்ணை ‘சமய விஷயம்’ என்று முடித்துவிட்டார். ஜோசப் நல்ல மனுசன், சமயம் என்றதும் பின்வாங்கிவிட்டார்.

பாலா தோணியில் இருந்து காலை எடுத்தார். “விடும் வதனி. எல்லாரோடையும் வந்தனாங்கள், எல்லாரோடையும் போவம்.” இவருடைய இந்தக் குணத்தின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

கரையில் துணி விரித்துப் புட்டுச் சாப்பிட்டார்கள். கட்டச் சம்பல், வாழைப்பழம், சிரிப்பு, படம் எடுப்பு. நான் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. எட்டரை தாண்ட, விடியப் போன தோணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஜேர்மன் பெண் ஒருத்தி இறங்கி வந்து, சந்தோசம் தாங்காமல், கிட்ட நின்ற பாலாவுக்குத் தன் கமராவை நீட்டினாள். எட்டு மீட்டரில் நின்றதாம், முக்கால் மணி நேரம் அசையவே இல்லையாம். பாலா கமராவை மூக்கு முட்டக் கொண்டுபோய், இப்படியும் அப்படியும் சரித்துப் பார்த்தார். “மிகவும் நன்றாக வந்திருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அந்தச் சின்னத் திரையில் ஒன்றுமே தெரிந்திருக்காது என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் தோணியில் ஏறியது 9.40க்கு. மறுபடியும் கணக்கைப் பாருங்கள். உகண்டாச் சூரியனுக்கு ராகுகாலம் 9.54 வரை. நல்ல நேரம் முழுவதையும் கரையில் விட்டுவிட்டு, தேங்காய் உடைக்காத குறையாக, சரியாக ராகுகாலத்துக்குள் ஏறினோம். இதைச் சொல்லிக் காட்டினேன். ஒருவருக்கும் காது கேட்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. பாலாவின் கண்ணுக்கு அந்த மினுக்கம்தான் பெரிய எதிரி, தொப்பியை இழுத்துவிட்டுக் குனிந்தபடி வந்தார். அல்லி இலைகளில் நடக்கும் பறவைகளைத் தோணிக்காரர் காட்டினார், ஒன்றும் பிடிபடவில்லை. சொண்டன் காலையில் நின்ற இடத்துக்குப் போனால் இடம் வெறும். இவ்வளவு தோணியும் வந்து போனதில் எழும்பி உள்ளே போய்விட்டதாம். இன்னும் அரை மணி நேரம் துடுப்புப் போட்டு, கோரைகள் அடைத்த ஒரு மூலையில் நிறுத்தினார்கள். அதற்குமேல் தோணி போகாது. தோணிக்காரர் கையை நீட்டினார். இருநூறு மீட்டருக்கு அப்பால், கோரைக்குள், சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு.

மற்றத் தோணிகளில் ஒரே கூச்சல். அந்தா, அந்தா! தயாளன் அண்ணையின் போனில் நல்ல ஜூம், அதை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்தார். நான் பாலாவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். “அந்தத் தனிக் கோரைக்கு மேலை, கொஞ்சம் இடப்பக்கம்.” கழுத்தைத் திருப்பினார். வலப்பக்கம் சரித்தார், கீழே குனிந்தார், பைனாகுலரை எடுத்தார், வைத்தார். கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது, மினுக்கத்தாலா வேறெதனாலா தெரியாது. பத்து நிமிடம் அப்படியே தேடினார். பிறகு ஒரு திக்கைப் பார்த்து “ஆ” என்றார். அந்தத் திக்கில் ஒன்றும் இல்லை, வெறும் கோரை.

பக்கத்துத் தோணியில் இருந்து தயாளன் அண்ணை கேட்டார். “என்ன பாலா, கண்டனீரோ?”

“ஓம் அண்ணை. வடிவாக் கண்டன்.”

“பாத்தீரே! நல்ல நேரம் பாத்து வந்ததாலை தான்!”

திரும்பும்போது பஸ்ஸில் நான் வெடித்தேன். எழும்பி நின்று சொன்னேன். “அவருக்குத் தெரியேல்லை. இஞ்சை இருக்கிற எல்லாரும் கண்டனீங்கள், அவர் காணேல்லை. அவர் ஒருத்தருக்காகத் தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது.” பூமணி அன்ரி தயங்கித் தயங்கி, “பிள்ளை, அவர் தானே கண்டன் எண்டு சொன்னவர்” என்றார். எல்லோரும் பாலாவைப் பார்த்தார்கள். பாலா ஜன்னல் பக்கம் திரும்பி, “கண்டனான் தான். அவ சும்மா கோவத்திலை சொல்லுறா” என்றார். அவ்வளவுதான். நான் பைத்தியக்காரியாகி உட்கார்ந்தேன்.

கனடாவுக்கு வந்த அடுத்த நாள் குழு வாட்ஸப்பில் தயாளன் அண்ணை ஒரு படம் போட்டார். தோணியில் பாலா தொப்பியோடு சிரிக்கிறார். ‘கண் பார்வை குறைந்த எங்கள் பாலாவின் வாழ்நாள் ஆசை நிறைவேறிய தருணம்’ என்று கீழே எழுதியிருந்தார். கைகூப்பிய படங்களாக வந்து குவிந்தன. அடுத்த வருடப் பயணத்துக்கு இரண்டு பேர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான் நான் இதை எழுத முடிவெடுத்தேன்.

இனித் தகவல். குழுவோடு போனதில் ஆளுக்கு 5,900 கனேடிய டொலர், விமானம் உட்பட. உகண்டா விசாவை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும், எங்களுக்கு ஐம்பது அமெரிக்க டொலர் வந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டு, அட்டையைக் கைப்பையில் வையுங்கள். மலேரியாக் குளிசை கட்டாயம் எடுங்கள். ஜூலை மழை குறைந்த காலம், ஆனால் கூட்டம் அதிகம். குரங்குக்கு கிபாலேயில் இரண்டு முழு நாளாவது ஒதுக்குங்கள், ஸ்பீக்கர் கொண்டுவருகிறவரோடு போகாதீர்கள்.

மபாம்பாவைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்கவே வைக்காதீர்கள். முதல் நாளில் வையுங்கள், தவறினால் இன்னொரு காலை கையில் இருக்கும். ஏழு மணிக்கு முன்னம் இறங்குதுறையில் நில்லுங்கள். முக்கியமாக, தோணியை உங்கள் பெயரில் எடுங்கள், குழுவின் பெயரில் வேண்டாம். நேரம் பார்க்கிறவர்கள் தாராளமாகப் பாருங்கள், அது உங்கள் நம்பிக்கை, ஆனால் நிற்கிற ஊரின் சூரியனை வைத்துப் பாருங்கள். உடம்புக்கு இயலாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், அவருக்காக நீங்கள் தனியாகவே தெருவில் நின்று சண்டை பிடிக்க வேண்டி வரும். அதற்கும் ஆயத்தமாகப் போங்கள்.

ஓகஸ்டில் பாலாவுக்கு அடுத்த ஊசி. பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கும் கிளினிக்கில் எழுத்துப் பலகையைக் காட்டினார்கள், போன தடவையை விட ஒரு வரி குறைவாகப் படித்தார். திரும்பி வரும்போது நான் கார் ஓட்டினேன், அவர் கண்ணை மூடியபடி பக்கத்தில் இருந்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டார்.

“வதனி, அது எப்பிடி நிண்டது? ஒருக்காச் சொல்லும்.”

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தலை எந்தப் பக்கம் இருந்தது, ஒற்றைக் காலில் நின்றதா, சொண்டு என்ன நிறம், ஒன்றுமே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பத்து நிமிடமும் நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரிகிறதா தெரிகிறதா என்று.

“நான் பாக்கேல்லையப்பா” என்றேன். “உங்களைத் தான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான், பச்சை விழுந்திருந்தது.

“அப்ப தயாளன் அண்ணைக்கு ஒருக்கா போன் அடிச்சுக் கேளும்” என்றார். “அவர் வீடியோவும் எடுத்தவர். வடிவாச் சொல்லுவார்.”

மூன்று கிழமை ஆகிறது. இதற்குள் இரண்டு தடவை கேட்டுவிட்டார். தயாளன் அண்ணை போனை எடுக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் இன்னும் அடிக்கவே இல்லை.